மூலையில் இருந்த கூம்பு

தப்பு என்னுடையதாக இருக்கும்போதுதான் எனக்குக் கோபம் அதிகமாக வரும். பிறர் தப்பு செய்தால் ஓரளவு நிதானமாகவே பேசுவேன். (வீட்டில் கேட்டால் இதையும் மறுப்பார்கள்.)

அப்போது பெங்களூரில் முனைவர் பட்ட ஆராய்ச்சியின் ஐந்தாவது வருடம். என் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், நட்சத்திரம் கண் சிமிட்டுவதை நிறுத்துவது. காற்று அலைவதால் தொலைநோக்கியில் நட்சத்திரம் கலங்கித் தெரியும். அந்தக் கலங்கலுக்கு ஏற்ப, நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை வளைந்து நெளிந்து பிம்பத்தைச் சரிசெய்கிற மெல்லிய கண்ணாடி ஒன்று உண்டு. அதை மலைமேல் இருக்கும் தொலைநோக்கியில் பொருத்த ஓர் அலுமினியச் சட்டம் தேவைப்பட்டது. சோதனைக்கு எனக்கு ஒதுக்கியிருந்தது மூன்றே மூன்று இரவுகள்.

சட்டத்தைச் செய்ய என் தம்பி முருகேசனைப் பிடித்தேன். ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் அவன், கணினியில் கொடுத்த அளவுப்படி உலோகத்தைச் செதுக்கும் சிஎன்சி மெஷின் ஓட்டினான். முதலாளி நாராயணப்பா பக்கத்துப் பேரிகை ஊர்க்காரர். அவரிடம் கெஞ்சிக் கூத்தாடி, கார் பாகங்களுக்கு நடுவே என் ஒற்றைச் சட்டத்தை நுழைத்திருந்தான் தம்பி.

கருவிகளை ஏற்றிக்கொண்டு லாரி மலைக்குக் கிளம்ப இன்னும் ஒரே நாள். பஸ் பிடித்து, ஆட்டோ பிடித்து, மதியம் ஒர்க்‌ஷாப்புக்குப் போய் நின்றேன். முருகேசன் சட்டத்தைத் துணியில் சுற்றி, குழந்தையைத் தருவதுபோல் இரண்டு கையாலும் நீட்டினான்.

பிரித்தேன். கண்ணாடியின் வயர்கள் வெளியே வரும் வழி வலப்பக்கம் இருக்க வேண்டும். இடப்பக்கம் இருந்தது.

"என்னடா இது?"

"நீ குடுத்த டிராயிங்தான்க்கா."

"டிராயிங் பாக்கத் தெரியாதா உனக்கு? இத்தன வருசமா என்னத்தக் கிழிச்ச?"

அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது. ஐந்து வருட உழைப்பு கண்முன் நாசமாகிறது என்ற ஆத்திரத்தில், மெஷின் சத்தத்தையும் மீறிக் கத்தினேன். "கார் நட்டு செய்யறவங்க கிட்ட டெலஸ்கோப் வேலையக் குடுத்ததுக்கு என் புத்தியச் செருப்பால அடிக்கணும்!"

ஒவ்வொரு மெஷினாக நின்றது. முருகேசன் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். நாராயணப்பா அறையிலிருந்து வெளியே வந்தார்.

"ஏனம்மா, ரிஜக்‌ஷனா? முருகேசா, நாளைலருந்து நீ மெஷினத் தொடாத."

அந்த நேரத்திலும் எனக்குத் திருப்தியாக இருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அப்போதுதான் அளவு சரிபார்க்கும் பிரிவிலிருந்து மஞ்சுளா என்ற பெண் வரைபடத்தோடு வந்தாள். வேப்பனப்பள்ளிக்காரி. நிதானமான குரல்.

"மேடம், இதுல யாரு கையெழுத்து?"

"என்னோடது."

"அப்ப இந்தக் கூம்பு?"

வரைபடத்தின் மூலையில் சின்னதாக ஒரு கூம்புச் சின்னம் இருக்கும். பக்கத்தில் வரைந்திருப்பது பொருளை இடப்பக்கமிருந்து பார்த்த தோற்றமா, வலப்பக்கமிருந்து பார்த்த தோற்றமா என்பதை அந்தச் சின்னம்தான் சொல்லும். நான் வரைந்தது ஒரு முறையில். மூலையில் இருந்த சின்னம் அதற்கு நேர் எதிர் முறையில். சின்னத்தை நம்பிச் செய்தால் வயர் வழி இடப்பக்கம்தான் வரும்.

"அது சாஃப்ட்வேர் தானாப் போட்டது!" என்றேன்.

"கையெழுத்தும் சாஃப்ட்வேர்தான் போட்டுச்சா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மஞ்சுளா முருகேசனிடம் கையை நீட்டினாள். "உங்க போனக் குடுங்க." அவன் தயங்கினான். (என்னைக் காப்பாற்றத்தான் தயங்கினான் என்பது எனக்குப் புரியவே சில மாதங்கள் ஆயின.) அவளே வாங்கித் திரையைக் காட்டினாள். பாதி வேலையில் சட்டத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறான். 'அக்கா வயர் வழி இந்தப் பக்கம் தானே?' கீழே என் பதில்: ஒரு கட்டைவிரல். ஏதோ கருத்தரங்கில் உட்கார்ந்துகொண்டு, படத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பியது.

மன்னிப்பு கேட்டேனா? இல்லை. "இன்னும் தெளிவாக் கேட்டிருக்கணும்" என்றேன்!

நாராயணப்பா என்னைப் பார்த்த பார்வையை எந்தத் தொலைநோக்கியாலும் தாங்க முடியாது. முருகேசன் மட்டும், முதலாளி தலையசைத்ததும், புதிதாக ஓர் அலுமினியக் கட்டையை எடுத்து மெஷினில் மாட்டினான்.

"நீ போயி டீ குடிச்சிட்டு வாக்கா. கொஞ்சம் நேரம் ஆவும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். டீக்கடையில் நின்று, சர்க்கரை அதிகம் என்று கடைக்காரரோடு சண்டை போட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சட்டம் மறுநாள் மாலைதான் முடிந்தது. லாரி போய்விட்டது. அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலேயே மலையேறினேன். அதற்குள் முதல் இரவு போயிருந்தது. வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்ததாம். அடுத்த இரண்டு இரவும் மேகம். வானத்தையும் திட்டினேன். மறுபடி வாய்ப்பு வர ஒரு வருடம் ஆயிற்று. அன்று சட்டம் மயிரிழை பிசகாமல் பொருந்தியது. நட்சத்திரம் அசையாமல் நின்றது. முதல் போன் முருகேசனுக்குத்தான் போட்டேன். மன்னிப்பும் அப்போதுதான் கேட்டேன்.

"அத மஞ்சுளா கிட்டயும் சொல்லிடுக்கா. நாங்க கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்" என்றான்.

மத்திகிரியில் கல்யாணம். ஒர்க்‌ஷாப் மொத்தமும் வந்திருந்தது. போட்டோகிராபர், "பொண்ணு எந்தப் பக்கம் நிக்கணும்?" என்று கேட்டுத் தொலைத்தார்.

"டாக்டரம்மாவத் தவிர யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க!" என்றார் நாராயணப்பா.

மண்டபமே அதிர்ந்தது. அந்தப் படம் இன்றும் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. நாற்பது பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். மணப்பெண் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறாள். நடுவில் பட்டுப்புடவையில் ஒருத்தி மட்டும் கேமராவை முறைத்துக்கொண்டு நிற்கிறாள்.