கட்டிலுக்கு மதிப்பெண்

"ஃபேனைக் கொஞ்சம் குறைங்க, குளிருது" என்றாள் வாடகைக் கட்டிலில் கிடந்த மனைவி இன்பமணி. தேவசிகாமணி எழுந்து போய்க் குறைத்துவிட்டுத் திரும்பினார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அடக்கம் முடிந்த பிறகும் அந்தக் கட்டில் ஒரு வாரம் கூடத்திலேயே கிடந்தது. அதைப் பார்க்கப் பயந்து, அந்த வாரம் முழுக்க அவர் புழக்கடை வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைந்தார். இந்தக் கொடுமை இன்னொருவருக்கு வரக்கூடாது என்றுதான், வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பாளையங்கோட்டையில் 'இன்பமணி கட்டில் உதவி'யைத் தொடங்கினார். கடைசிக் காலத்தில் படுக்கையில் விழுந்தவர்களுக்கு ஏற்றி இறக்கும் கட்டில் இலவசம். உயிர் போன மறுநாளே வண்டி வந்து அதை எடுத்துப் போய்விடும். இந்த மறுநாள் விஷயத்தில் அவருக்குத் தனிப் பெருமை.

வண்டி ஓடுவது சென்னைக் கம்பெனி ஒன்றின் நன்கொடையில். இந்த வருஷம் அவர்களுக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்துவிட்டது: இதனால் என்ன பலன்? அதை அளந்து சொல்லப் பார்கவி என்ற பெண்ணை அனுப்பினார்கள். அவள் அறிக்கை சரியில்லையென்றால் வண்டி நிற்கும். இன்பமணியின் பெயரும் அத்தோடு போகும்.

"இதுவரைக்கும் எத்தனை பேர் குணமாயிருக்காங்க சார்?"

"ஒருத்தருமில்ல."

"ஒருத்தர்கூடவா?"

"ஏம்மா, டாக்டர் கைவிட்ட பொறவுதான் எங்ககிட்டயே வாராவ!"

பார்கவி மடிக்கணினியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "வெற்றி விகிதம் பூஜ்யம்னு காட்டுது சார்."

டிரைவர் சுடலைமாடன் வாசலிலிருந்து தலையை நீட்டினான். "போய்ச் சேந்தவங்கள எண்ணச் சொல்லுங்க சார். நூத்துக்கு நூறு வரும்."

"வாய மூடுலே!"

தேவசிகாமணிக்குக் காது மடல் சிவந்தது. காலமெல்லாம் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்ட மனுஷனுக்கு முட்டையா? "நோயாளிய விடும்மா. குடும்பத்துக்காரங்களக் கேளு" என்று அவரே வழி சொன்னார்.

கம்பெனியிலிருந்து புதுக் கேள்விகள் வந்தன. ஏதோ சோப்பு வாங்கியவர்களைக் கேட்க எழுதியதாக இருக்க வேண்டும். பார்கவி தச்சநல்லூரில் ஒரு வீட்டுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். ஒரு பெண் எடுத்தாள். "இப்ப எப்படி இருக்கீங்க? தூக்கம் வருதா?" என்பதுவரை ஒழுங்காகத்தான் போயிற்று. அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் புருஷன் இசக்கிமுருகன் போனைப் பிடுங்கிக்கொண்டான்.

"எங்க சேவை உங்களுக்கு மறுபடியும் தேவைப்படுமா? நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீங்களா?" என்று பார்கவி படித்தாள்.

"எங்கப்பா போயி ஒரு மாசம் ஆகல. வீட்ல அடுத்தது யாருன்னு கேக்கியளோ? எந்தக் கூட்டாளிகிட்டப் போயி, இந்தக் கட்டில்ல படுலேன்னு நான் சொல்லணும்?"

தேவசிகாமணி பாய்ந்து போனை வாங்கினார். "கோவப்படாதீங்க தம்பி. உங்க வீட்டுக்குன்னு கேக்கல. எல்லார்கிட்டயும் பொதுவா கேக்குறதுதான்."

"அப்ப ஊரே சாவணுமாவே?"

நேரில் போய் மன்னிப்புக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. வண்டியில் போகும்போது தேவசிகாமணி கொதித்தார். "செத்த வீட்ல கேக்குற கேள்வியாம்மா இது? எழுதினவனுக்கு அப்பன் ஆத்தா கிடையாதா? அங்க வந்து நீ வாயே திறக்காத. முக்கியமா, கிளம்பும்போது போயிட்டு வாரேன்னு சொல்லிராத. எந்திரிச்சு, திரும்பிப் பாக்காம வந்துரணும்."

"ஏன் சார்?"

"மறுபடியும் ஒரு சாவுக்கு வாரேன்னு சொன்ன மாதிரி ஆயிரும்."

இசக்கிமுருகன் கொஞ்சம் தணிந்திருந்தான். நாற்காலி எடுத்துப் போட்டான். இனி தங்கள் ஆட்கள் யாரும் போன் செய்து தொந்தரவு கொடுக்க மாட்டார்கள் என்று தேவசிகாமணி வாக்குக் கொடுத்தார்.

"கட்டில் தந்த புண்ணியத்துக்காக விடுதேன் சார்" என்றான் அவன்.

அந்த நிம்மதியில் தேவசிகாமணி எழுந்தார், கும்பிட்டார். ஆயுள் முழுக்கப் பழகிய வாய் அதுவாகவே சொல்லிற்று: "அப்ப போயிட்டு வாரேன் தம்பி."

பார்கவி தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வாரேனா?" என்றான் இசக்கிமுருகன்.

"இல்லல்ல, வரமாட்டேன்!"

"ஒரு ஆத்திர அவசரத்துக்குக்கூடவா?"

"அவசரம்னா வருவேன்... அவசரமே வராது... ஐயோ ஆண்டவரே!"

"வெளிய போம்வே!"

வண்டியில் ஏறிய தேவசிகாமணிக்கு ஆத்திரத்தில் மூச்சு வாங்கியது. "எழுதிக்கோம்மா. எங்க கட்டில் வாங்குன எந்தக் குடும்பத்தையும் இனி யாரும் எதுவும் கேக்கக் கூடாது. வண்டி நின்னா நிக்கட்டும். இன்பமணி பேரச் சொல்லி இந்த அநியாயம் நடக்க வேண்டாம்."

சுடலைமாடன் சாவியைத் திருகும்போது, வீட்டின் பக்கவாட்டுச் சந்திலிருந்து இசக்கிமுருகனின் பெண்டாட்டி முப்பிடாதி ஓடிவந்தாள். போனை முதலில் எடுத்தவள்.

"மன்னிச்சிரும்மா, வாய் தவறிட்டு" என்றார் தேவசிகாமணி. "இனி இந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டோம்."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கட்டில மறுநாளே தூக்கிட்டுப் போயிட்டிய. மாமாவப் புரட்டிப் படுக்கவைக்க முழிக்கிற அதே நேரத்துக்கு இன்னமும் எனக்கு முழிப்பு வருது. எந்திரிச்சுப் போயி அங்கன வெறுந்தரையப் பாத்துட்டு நிக்கேன். தூங்குதியான்னு கேட்டது இந்தப் பிள்ளை ஒண்ணுதான். வாரேன்னு சொன்னியளே சார், எப்ப வருவிய?"