கொம்பில் கட்டிய பெயர்

மானின் கொம்பில் மனைவியின் பெயரைக் கட்டிக்கொண்டிருந்தபோது, ரெய்னோ மட்டிலாவுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

திரும்பினான். வேட்டை அதிகாரி. ஊருக்குப் புதியவர். பெயர் பிரிங்க் என்று மதுக்கடையில் சொல்லியிருந்தார்கள். சிரிக்க மாட்டார் என்றும் சொல்லியிருந்தார்கள்.

"நல்ல மான்," என்றார் பிரிங்க்.

"ஆமாங்க."

பிரிங்க் குனிந்து, லைசென்சோடு தரும் பெயர் அட்டையான டேக்கைப் படித்தார். "லெம்பி மட்டிலா. நீங்களா?"

"என் பெண்டாட்டி."

மிச்சிகன் சட்டத்தில் குழப்பம் எதுவும் இல்லை. ஒரு லைசென்சுக்கு ஒரு கொம்புமான். சுட்டவர் தன் பெயர் போட்ட டேக்கைத்தான் கட்ட வேண்டும். ரெய்னோ தன் டேக்கை முந்தாநாளே ஒரு சின்ன மானுக்குக் கட்டிவிட்டான். இப்படி நடக்கும் என்றுதான் ஒவ்வொரு நவம்பரிலும் லெம்பி பெயரிலும் ஒரு லைசென்ஸ் வாங்கிவைப்பான். ஊரில் பாதிப் புருஷன்கள் செய்வதுதான். பிடிபட்டால் துப்பாக்கி போகும், லைசென்சும் சில வருடங்களுக்குக் கிடைக்காது. துப்பாக்கி இல்லாத ஆண், நவம்பரில் அந்த ஊரில் தேவாலயப் பெண்களோடு உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிக்கலாம். வேறு வேலை இல்லை.

"சுட்டவங்க எங்க?" என்றார் பிரிங்க்.

"வீட்டுக்குப் போயிட்டா. காப்பி போட."

"இவ்வளவு பெரிய மானைச் சுட்டுட்டு காப்பி போடப் போயிட்டாங்களா?"

"அவளுக்கு இதெல்லாம் பழக்கம்."

"உங்க தோள்ல இருக்கிறது?"

"இது என் துப்பாக்கி. அவ அவங்க அப்பாவோட பழைய துப்பாக்கியை வச்சிருக்கா. அதைக் கையோட எடுத்துட்டுப் போயிட்டா."

"எந்தப் பக்கமா போனாங்க? பனியில உங்க காலடி மட்டும்தான் இருக்கு."

ரெய்னோ மூளையைக் கேட்காமல் கையை நீட்டினான். கை சதுப்புநிலத்துக்கு அப்பால் இருந்த பிர்ச் மரங்களைக் காட்டியது. அங்கே யாரும் போக மாட்டார்கள்.

பிரிங்க் போனார்.

ரெய்னோ மானைப் பார்த்தான். எப்போதும்போல இதுவும் சுட்ட இடத்தில் விழவில்லை. மேட்டைத் தாண்டி ஓடி, அந்தப் பக்கம் போய்த்தான் விழுந்தது. அவனுடைய மான்கள் எல்லாமே கொஞ்சம் ஓடிவிட்டுத்தான் விழும். எது யார் வெடி என்று தெரியாமல் காடு முழுக்கச் சத்தம் கேட்கும் பருவத்தில், குளம்புத் தடத்தைப் பார்த்துப் போய்த் தேடி எடுப்பான்.

பிரிங்க் திரும்பி வந்தார். "சரிதான். சின்னக் காலடி. ஊர்ப்பக்கமாப் போகுது."

"இருக்கா?" என்றான் ரெய்னோ.

பிரிங்க் அவனை உற்றுப் பார்த்தார். "இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா, ஆமா."

"அப்புறம் எதுக்கு முகம் இப்படிப் போகுது?"

"குளிருங்க."

"சாயங்காலம் உங்க வீட்டுக்கு வர்றேன்," என்றார் பிரிங்க்.

ரெய்னோ மானை அர்விட்டின் கறிக்கடையில் இறக்கிவிட்டு, டிரக்கைப் பறக்கவிட்டு வீட்டுக்கு வந்தான். லெம்பி வாசலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தேவாலயச் சமையலறையில் கறி அடைத்த பேஸ்டி ரொட்டி சுடப் போவதாகச் சொல்லியிருந்தாள். முகம் குளிரில் சிவந்திருந்தது. சமையலறையில் அடுப்பு இருக்கும். குளிர் எங்கிருந்து வந்தது?

அதைக் கேட்க நேரமில்லை. விஷயத்தைச் சொன்னான்.

"அதாவது, நான் பொய் சொல்லணும்," என்றாள் லெம்பி.

"ஆமா."

"என்ன பொய்?"

"நீதான் சுட்டேன்னு."

லெம்பி கழற்றிய பூட்ஸைச் சுவரோரம் வைத்தாள். "சரி. முயற்சி பண்றேன்."

"அம்பது கஜ தூரம். ஒரே குண்டு. வேற எது கேட்டாலும் அழுதுடு."

பிரிங்க் வந்தார். காப்பியை வாங்கி மேசையில் வைத்தார். குடிக்கவில்லை.

"எவ்வளவு தூரத்துல நின்னுச்சு?"

"நூத்திருபது கஜம் இருக்கும்," என்றாள் லெம்பி. "காத்து ஏரிப்பக்கமிருந்து. மேட்டுல ஏறி வந்து நின்னுச்சு. யாரோ விரட்டிவிட்ட மாதிரி மிரண்டு போயிருந்துச்சு. முன்னங்காலுக்குப் பின்னால குண்டை வச்சேன்."

ரெய்னோ இதில் ஒரு சொல்லைக்கூடச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பிரிங்க் சுவரில் மாட்டியிருந்த மாமனாரின் துப்பாக்கியை இறக்கி, குழாயின் முனையை மூக்கருகே கொண்டுபோனார். "மருந்து வாசனை. இன்னிக்குத்தான் சுட்டிருக்கு."

"இன்னிக்கா!" என்றான் ரெய்னோ.

லெம்பி மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தாள்.

பிரிங்க் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தம்மா சொல்றது எல்லாம் சரியா இருக்கு. ஆனா ஒவ்வொண்ணுக்கும் உங்களுக்குத்தான் தூக்கிவாரிப் போடுது, மிஸ்டர் மட்டிலா. எனக்கு அது பிடிக்கல. நாளைக்குக் காலையில அர்விட் கடையில மானை அறுக்கும்போது நானும் இருப்பேன். குண்டு எந்தத் துப்பாக்கியோடதுன்னு பாத்துடலாம்."

அவர் போனதும் ரெய்னோ யோசித்தான். காட்டில் சின்னக் காலடி. மாமனார் துப்பாக்கியில் மருந்து வாசனை. நூத்திருபது கஜம். இதையெல்லாம் ஒருவன் லெம்பிக்குச் சொல்லியிருக்கிறான். அவன் காட்டில் இருந்திருக்கிறான். லெம்பியும் அவனோடு இருந்திருக்கிறாள்.

சின்னக் கால் உள்ள ஆண் அந்த ஊரில் ஒருவன்தான். பக்கத்து வீட்டு டோய்வோ சாரி. போன மாதம் புதுச் சட்டை வேறு வாங்கியிருந்தான்.

ரெய்னோ மதுக்கடைக்குப் போனான். முதல் வேலை, ஊரையே சாட்சியாக்குவது. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "இந்த வருஷம் பெரிய மானைச் சுட்டது லெம்பி!"

வெடிச்சிரிப்பை எதிர்பார்த்தான். ஒருவரும் சீட்டுக்கட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ம்," என்றான் ஒருவன்.

"லெம்பிதானே," என்றான் இன்னொருவன். "சரி, அதுக்கென்ன?"

ஊருக்கே தெரிந்திருக்கிறது. தெரியாதவன் ரெய்னோ ஒருவன்தான்.

மூலையில் இருந்த டோய்வோ பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "டோய்வோ, உன் பூட்ஸ் என்ன அளவு?"

"எதுக்கு?"

"சும்மா."

"என் காலைப் பத்தி யாராவது ஏதாவது சொன்னானா?"

"காலையில எங்க இருந்தே?"

"கக்கூஸ்ல. படம் எடுத்து வைக்கல, மன்னிச்சுக்க."

பதில் மிக வேகமாக வந்தது. ரெய்னோ அதையும் மனதில் குறித்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து நேராகவே கேட்டான். "டோய்வோவா?"

"என்ன டோய்வோ?" என்றாள் லெம்பி.

"உங்க அப்பா துப்பாக்கியை அவனுக்குக் குடுத்தியா? அவனோட காட்டுக்குப் போனியா?"

லெம்பி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. "டோய்வோவா! அவனால அவன் வீட்டுக் கதவையே ஒழுங்காச் சாத்த முடியாது."

குற்றமில்லாதவள் இவ்வளவு சிரிப்பாளா?

சிரிப்பு அடங்கியதும் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "ரெய்னோ, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளாச் சொல்லணும்னு நினைச்சேன். உன் மனசு கஷ்டப்படுமேன்னுதான்..."

"வேண்டாம்."

"கேளு, ரெய்னோ."

"வேண்டாம்னு சொல்றேன்ல." அவன் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டான். சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும்.

காலையில் அர்விட் கடையில் மான் தொங்கிக்கொண்டிருந்தது. அர்விட் கறி வெட்டுவதைத் தவிர எதிலும் தலையிடாத மனிதர். வாயில் புகைக்குழாயைக் கவ்வியபடி விலாவைப் பிளந்துகொண்டிருந்தார். பிரிங்க் பக்கத்தில் நின்றார்.

"இப்பவே சொல்லிடறேன்," என்றார் பிரிங்க். "குண்டு வேற ஆளோடதா இருந்தா, பொய் சொன்னதுக்கு உங்க மனைவியும் நீதிபதி முன்னால நிக்கணும். உங்களோட சேர்த்து."

ரெய்னோ லெம்பியைப் பார்த்தான். கையுறையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். டோய்வோவோடு எங்கே வேண்டுமானாலும் போயிருக்கட்டும். நேற்று ரெய்னோவுக்காகத்தான் அந்த மேசையில் உட்கார்ந்தாள். அவன் பொய்யை அவனைவிட நன்றாகச் சொன்னாள்.

"அவளை விட்டுடுங்க," என்றான்.

"ரெய்னோ, வாயை மூடு," என்றாள் லெம்பி.

"அவ சுடல. நான்தான் சுட்டேன். அவ டேக்கை நான் திருட்டுத்தனமாக் கட்டினேன். அவளுக்குத் துப்பாக்கியோட எந்தப் பக்கம் குண்டு வரும்னுகூடத் தெரியாது."

"ரெய்னோ, தயவுசெஞ்சு."

"நீ சும்மா இரு லெம்பி. நான் செஞ்ச தப்பு இது. எழுதிக்கோங்க சார். லைசென்சை எடுத்துக்கோங்க. துப்பாக்கி டிரக்குல இருக்கு."

பிரிங்க் முதல்முறையாகச் சிரித்தார். பேனாவை எடுத்தார்.

அர்விட் விலாவுக்குள்ளிருந்து கையை எடுத்தார். தகரத் தட்டில் ஏதோ 'டிங்' என்று விழுந்தது. அதை விரலால் புரட்டிப் பார்த்தார். வாயிலிருந்து புகைக்குழாயை எடுத்தார்.

"உனக்கு என்னடா வந்துச்சு ரெய்னோ? இது லெம்பி குண்டு, அவ அப்பா துப்பாக்கியோடது. நீங்க கல்யாணம் பண்ணினதுலேர்ந்து உங்க வீட்டு மான் எல்லாத்தையும் நான்தானே வெட்டறேன், ஒண்ணுலகூட உன் குண்டு இருந்ததில்லையே."