மகேஸ்வரி முறுக்கிய சக்கரம்

காதலைச் சொல்லத் தைரியம் இல்லாதவன் எதன் மீதாவது பழியைப் போடுவான். நான் என் கேரவன் மீது போட்டேன்.

ஏழெட்டு வருடங்களுக்கு முன்பு, ஈப்போவில் ஏர்கோன் பழுதுபார்த்துக்கொண்டிருந்த முப்பத்து நான்கு வயது பிரம்மச்சாரி நான். காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் பழைய கேரவன் ஒன்றை வாங்கியிருந்தேன். இரண்டே சக்கரம், உள்ளே ஒரு கட்டில், ஓர் அடுப்பு. (கல்யாணமே ஆகாதவனுக்கு நகரும் வீடு எதற்கு என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை.) ஓடும்போது அது லேசாக ஆடியது. டயர் கடைக்கு இழுத்துப்போனேன். அங்கே சக்கரங்களைச் சமன் செய்யும் வேலையில் இருந்தவள் மகேஸ்வரி. ஆயர் தாவார் ஊர்க்காரி. கன்னத்தில் ஒரு கிரீஸ் கோடு. கேரவனின் ஆட்டம் அன்றே நின்றது. எனக்குத்தான் ஆரம்பித்தது.

அடுத்த ஒரு மாதத்தில் ஐந்து தடவை போனேன்.

"இன்னும் ஆடுது மகேஸ்."

"மெஷின்ல வச்சுப் பாத்தாச்சுண்ணே. ஒரு குறையும் இல்ல."

அந்த 'அண்ணே' ஒவ்வொரு முறையும் லாரி மாதிரி வந்து நெஞ்சில் மோதும்.

ஆறாவது தடவை அவள் இரண்டு இரும்பு வளையங்களை எடுத்துவந்து வைத்தாள். "இதைச் சக்கரத்துக்குப் பின்னால மாட்டணும். உள்ள சின்னக் குண்டுங்க உருளும். எந்தப் பக்கம் கனம் கம்மியோ, ஓட ஓட அதுவே அங்க போய் நின்னுக்கும். நான் மாட்டித் தரவா?"

"நானே மாட்டிக்கிறேன்லா. ஏர்கோன் கழட்டுறவனுக்கு டயர் கழட்டத் தெரியாதா?" (வீரம்!)

"துருவை நல்லாத் தேச்சு எடுத்துட்டு மாட்டுங்க, இல்லாட்டி நட்டு இளகிரும். அம்பது கிலோமீட்டர் ஓடுனதும் நிப்பாட்டி நட்டை இன்னொரு தடவை முறுக்குங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அடுத்த மாசம் நான் ஜோகூர் போறேன்ணே. இனிமே வேற யாராச்சும்தான் பாப்பாங்க."

நேராக அக்கா வீட்டுக்கு ஓடினேன். அக்கா தெரிந்தவர் ஒருவர் மூலம் ஆயர் தாவாருக்குச் சொல்லியனுப்பினாள்: ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறோம். மாப்பிள்ளை யார் என்று சொல்லவில்லை. நேரில் பார்த்து அசந்துபோகட்டும் என்பது என் யோசனை.

ஞாயிறு மதியம் வளையங்களை மாட்டி, அவள் பார்க்கட்டும் என்று கேரவனையும் காருக்குப் பின்னால் கட்டினேன். அவள் முகம் ஞாபகம் இருந்தது, துரு ஞாபகம் இல்லை. ராகு காலத்துக்கு முன் போய்ச் சேர வேண்டும் என்று அக்கா தாம்பூலத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவசரப்படுத்தினாள். ஐம்பதாவது கிலோமீட்டரில் நான் நிற்கவில்லை. பாடிக்கொண்டிருந்தேன்.

ஆயர் தாவாருக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சக்கரம் எங்களை முந்திக்கொண்டு போனது.

"யாருதுடா அது?" என்றாள் அக்கா.

பதிலுக்குக் கேரவன் இடது பக்கம் சாய்ந்து தார்ச்சாலையைக் கீறியது. சக்கரம் செம்பனை மரங்களுக்கிடையில் உருண்டு, லோங்காங் சாக்கடையில் விழுந்து படுத்தது.

அந்த வட்டாரத்தில் எனக்குத் தெரிந்த ஒரே டயர் ஆள் அவள்தான். வேறு வழியில்லாமல் போனில் கூப்பிட்டேன். பத்தே நிமிடத்தில் அப்பாவின் பிக்கப்பில் வந்து இறங்கினாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கையில் ஜாக்கி.

"சீக்கிரம் முடிச்சிரணும்ணே. வீட்டுக்குப் பொண்ணு பாக்க வர்றாங்க."

காருக்குள்ளிருந்து அக்கா தட்டை லேசாகத் தூக்கிக் காட்டினாள். "அது நாங்கதாம்மா."

மகேஸ்வரி தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். நான் லோங்காங்கில் இறங்கிச் சக்கரத்தைத் தூக்கிவந்தேன். அவள் துருவைச் சுரண்டி எடுத்து, வளையத்தை ஒட்ட உட்காரவைத்து, வலது சக்கரத்திலிருந்து இரண்டு நட்டைக் கழற்றி இதற்குப் போட்டு முறுக்கினாள். பட்டில் கிரீஸ் பட்டது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அத்தனை தடவை வந்தீங்களே, உண்மையிலேயே ஆடுச்சா?"

"இல்ல."

"ஒருநாளாச்சும், ஆடலன்னு சொல்லிட்டுச் சும்மா வந்திருக்கலாம்ல?" குரல் தணிந்திருந்தது. "போன மாசம் கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன். இப்ப ஜோகூர்ல சொந்தக் கடைக்கு இடம் பாத்து, பேசி முடிச்சாச்சு. அம்மாதான் இன்னும் மாப்பிள்ளை பாத்துட்டிருக்காங்க."

அந்தப் பேச்சில்தான் முதல் முறையாக அவள் வாயில் 'அண்ணே' வரவில்லை. வீட்டுக்குப் போய் மரியாதைக்குத் தேநீர் குடித்தோம். எனக்குச் சர்க்கரை போட்டார்களா என்றுகூடத் தெரியாது.

கேரவன் இப்போது அக்கா வீட்டு வாசலில் நிற்கிறது. அவள் முறுக்கிய அந்த இடது சக்கரத்தை, தேய்ந்த டயரை மாற்றக்கூட, கழற்ற நான் யாரையும் விடுவதில்லை. அதனால் அது எங்கும் போவதுமில்லை. அக்கா பிள்ளைகள் அந்தச் சக்கரத்துக்கு 'மாமி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். விருந்தாளிகள் வந்திருக்கும் நேரமாகப் பார்த்து வாசலிலிருந்து கத்துவார்கள்:

"மாமா! மாமிக்குக் காத்து எறங்கிருச்சு!"

வீடே சிரிக்கும். நானும் சிரித்தபடி பம்பை எடுத்துக்கொண்டு போய் அதன் பக்கத்தில் உட்காருவேன். காற்று அடித்து முடித்த பிறகும், எழுந்து வரக் கொஞ்சம் நேரமாகும்.