எறங்கு, எறங்கு, ஏறு

என் அக்கா மகளின் நிச்சயதார்த்தத்தில், மாப்பிள்ளையின் அப்பாவை ஒலிபெருக்கியில் மேடையை விட்டு இறங்கச் சொன்னவன் நான்தான். ஒருமுறை அல்ல, விடாமல். அதுவும் ஒருமையில்.

உண்மையில் நான் இறங்கச் சொன்னது அவரை இல்லை, என் வலது கையை. இந்த வித்தியாசத்தை அன்று மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் தனித்தனியாக விளக்க முடியாமல் போனதால்தான் இதை எழுதுகிறேன்.

நாற்பத்தைந்தைத் தாண்டினால் சில ஆண்களுக்குச் சர்க்கரை வருகிறது, சிலருக்கு ஆன்மிகம் வருகிறது. எனக்கு ஜிப்சி ஜாஸ் வந்தது. குன்னூரில் ஒரு தேயிலை ஃபாக்டரி ஆபீஸில் எனக்கு வேலை. மழைக்காலத்தில் நாலு மணிக்கே மூடுபனி ஜன்னலில் வந்து நின்றுகொள்ளும். பார்ப்பதற்கு செல்போனைத் தவிர வேறு காட்சி இருக்காது. அப்படி ஒரு நாள், ஐரோப்பாவில் எங்கோ ஒரு கூண்டு வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மீசைக்காரர் ஒருவர் கிட்டாரை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். டிரம்ஸ் இல்லை, கீபோர்டு இல்லை. ஒற்றை மரப்பெட்டியிலிருந்து ஒரு கல்யாண ஊர்வலமே புறப்பட்டு வந்தது. அவருக்கு என் வயதுதான் இருக்கும். மீசையும் கிட்டத்தட்ட என்னுடையதுதான். (மீதியைக் கத்துக்கிட்டாப் போச்சுன்னு நெனச்சேன்.)

இந்த வாசிப்பின் சூட்சுமம் முழுக்க வலது கையில் இருக்கிறது. மணிக்கட்டை வளைத்து, உள்ளங்கை கிட்டாரில் எங்கும் ஊன்றாமல் அந்தரத்தில் தொங்க வேண்டும். தந்தியைத் தட்டும் வில்லையான பிக், நல்ல தடிமனாக இருக்க வேண்டும். (கொட்டாங்குச்சியைச் சிமெண்டுத் தரையில் உரசி நானே ஒன்று செய்தேன். "ஏனுங்க, சட்னிக்குத் தேங்கா இல்லீங்கறேன், நீங்க ஓட்டைத் தேச்சிட்டு உக்காந்திருக்கீங்க" என்றாள் என் மனைவி சுதா.) ஒவ்வொரு அடியும் மேலிருந்து விழுந்து, தந்தியைத் தாண்டி, அடுத்த தந்தியின் மேல் போய்ச் சாய்ந்து இளைப்பாற வேண்டும். இதற்கெல்லாம் மேல் ஒரு சட்டம் இருக்கிறது: தந்தி மாறும்போதெல்லாம் முதல் அடி கீழ்நோக்கித்தான். அதற்கு முந்தைய அடியும் கீழ்நோக்கி விழுந்திருந்தாலும் சரி, கை மறுபடியும் மேலே போய்க் கீழேதான் இறங்க வேண்டும்.

இது என் மூளைக்குப் புரிந்தது, கைக்குப் புரியவில்லை. ஆகவே வாயால் கைக்கு உத்தரவு போட ஆரம்பித்தேன். "எறங்கு, எறங்கு, ஏறு. எறங்கு, எறங்கு, ஏறு." கை கேட்டது. கொஞ்ச நாளில் வாய் சொல்லாவிட்டால் கை அசையாது என்ற நிலைமை வந்துவிட்டது. ஃபாக்டரியில் இலை வாட்டும் தளத்தில் சாயங்காலம் ஆள் இருக்காது என்று அங்கே போய் வாசிப்பேன். "நீங்க வந்துட்டா ஃபேனே தேவையில்லீங்க சார், இலை தானா வாடிருது" என்றார் சூப்பர்வைசர்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அடி ஒவ்வொன்றும் சுத்தமாகத்தான் விழுந்தது. ஆனால் இந்த இசைக்கு உயிரான துள்ளல் மட்டும் வரவேயில்லை. மீசைக்காரர் வாசித்தால் ஊர்வலம் வரும். நான் வாசித்தால் யாரோ காலண்டர் மாட்டச் சுவரில் ஆணி அடிப்பது போலிருக்கும்.

இந்தக் கட்டத்தில்தான் அக்கா மகள் நந்தினிக்கு அன்னூர்ப் பக்கத்திலிருந்து சம்பந்தம் வந்தது. பையனை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதனாலேயே அக்கா பயந்து போயிருந்தாள். பையனின் அப்பா பழனிசாமி அண்ணன் நகை, காரு எதுவும் கேட்கவில்லை. மரியாதை ஒன்றுதான் கேட்டார். வாசலில் படுத்திருக்கும் நாயைக்கூட "கொஞ்சம் நகருங்க" என்று சொல்லித் தாண்டுகிறவர் அவர். இதற்கு முன் பார்த்த ஓர் இடத்தில், பெண்ணின் பெரியப்பா "வாப்பா, உக்காரு" என்றாராம். உட்காராமலே திரும்பி வந்துவிட்டார்கள்.

நிச்சயத்தில் நான் கிட்டார் வாசிக்கிறேன் என்றேன்.

"டேய், தாய்மாமன்னா தட்டு தூக்கிட்டு வருவாங்க. நீ என்னத்தடா தூக்கிட்டு வர்றே" என்றாள் அக்கா. கொஞ்சம் யோசித்தாள். "பாட்டுப் பாடுவியா?"

"இல்லக்கா, கிட்டார் மட்டுந்தான்."

"வாயத் தொறக்க வேண்டியதில்லையில்ல?"

"இல்லக்கா."

"அப்ப வாசி. நீ வந்தவங்ககிட்ட வாயக் குடுக்கறதுக்கு ஒரு ஓரமா உக்காந்து அதையாவது பண்ணு."

அடுத்த பிரச்சினை ஒலிபெருக்கி. இந்த வகைக் கிட்டாரை மைக் செட்டில் நல்லபடியாகக் கேட்கவைப்பது, அதை வாசிப்பதைவிடக் கஷ்டம். தந்திகளைத் தாங்கும் பாலத்துக்கு அடியில் பிக்கப் என்ற ஒலிவாங்கிப் பட்டையை ஒட்டினால், தந்தியின் சத்தம் வாத்து பேசுவது போல் வரும். மரத்தின் சத்தம் மரமாகவே வர வேண்டுமென்றால் மைக்தான் வைக்க வேண்டும். மைக் வைத்தாலோ, ஸ்பீக்கரின் சத்தம் மைக்குக்குள்ளேயே திரும்பிப் புகுந்து 'கூ' என்று கூவும். ராத்திரியெல்லாம் படித்துவிட்டு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். ஒரு காலர் மைக்கைக் கிட்டாரின் துவாரத்து விளிம்பில் மாட்டுவது. ஸ்பீக்கர்களை எனக்கு வெகுதூரம் முன்னால் தள்ளி, சனங்களைப் பார்த்துத் திருப்பி வைப்பது. எங்கே கூவுகிறதோ அந்த அலைவரிசையைக் குறைப்பது.

மண்டபத்துக்கு மைக் செட் போட்டிருந்தவர் செல்வம். "எக்கோ எவ்வளவு வெக்கட்டுங்க?" என்றார் முதல் வேலையாக.

"எக்கோவே வேண்டாமுங்க."

செல்வம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சும்மா லேசா வெக்கிறனுங்க. இல்லாட்டி விசேஷ ஊடு மாதிரியே இருக்காது."

சோதனை பார்த்தோம். கூவியது. "அங்க கொறைங்க" என்றேன். குறைத்தார். வேறிடத்தில் கூவியது. அங்கேயும் குறைத்தார். இப்படிக் குறைத்துக்கொண்டே போனதில் கூவல் சுத்தமாக நின்றுவிட்டது. கூடவே கிட்டாரின் சத்தத்திலும் முக்கால் பங்கு போய்விட்டது. மனிதக் குரல் இருக்கும் பகுதி மட்டும் கண்ணாடி மாதிரி தெளிவாக நின்றது. இது எனக்குத் தெரியாது. ஸ்பீக்கர்கள் என்னைவிட்டு அத்தனை தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. ஏற்பாடு என்னுடையதுதான்.

தட்டு மாற்றினார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் நின்றார்கள். போட்டோவுக்கு உறவுக்காரர்கள் வரிசையாகப் படியேற ஆரம்பித்தார்கள். நான் மேடைக்குக் கீழே ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, மணிக்கட்டை வளைத்து, தலையைக் கிட்டாரின் மேல் கவிழ்த்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தபோது மேடையில் ஒரு அசைவு தெரிந்தது. பழனிசாமி அண்ணன் படியில் ஒரு காலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அவர் மனைவி இரண்டு படி இறங்கி ஒரு படி ஏறினார். பின்னால் நின்ற வரிசை முழுவதும் அதே போல் ஆடியது. என் தாளத்துக்கு இத்தனை சக்தியா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் உற்சாகமாக உத்தரவு போட்டேன்.

மண்டபத்தில் கேட்டது இதுதான்: "எறங்கு... றங்கு... றங்கு. எறங்கு... றங்கு... றங்கு. ஏறு... ஏறு... ஏறு." இடையிடையே எங்கோ ஒரு கொசு கிட்டார் வாசிப்பது போல் ஒரு சத்தம்.

பழனிசாமி அண்ணன் முழுக்கக் கீழே இறங்கித் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார். அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேடையில் நந்தினியின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. சுதா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து என் பக்கத்தில் குனிந்தாள்.

"ஏனுங்க, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதா? சம்பந்தியப் புடிச்சு எறங்கு எறங்குங்கறீங்க, அதுவும் மரியாதையில்லாம."

இதுவும் எக்கோவோடு மண்டபம் முழுக்கப் போனது. "மரியாதையில்லாம... யில்லாம... யில்லாம."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. புத்திசாலி யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கிட்டாரைக் கீழே வைத்திருப்பான். ஆனால் நிறுத்தினால் மண்டபத்தில் விழப்போகும் அமைதியை நினைத்தேன். அந்த அமைதியில் முந்நூறு பேர் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள், சம்பந்தி வெளியே நடப்பார். வாய் பேசாமல் கை அசையாது. அதனால் எனக்குத் தெரிந்த ஒரே பரிகாரத்தைச் செய்தேன்.

"எறங்குங்க, எறங்குங்க, ஏறுங்க."

அந்த 'ங்க'வுக்கு இடம் கொடுக்க ஒவ்வொரு அடியும் ஒரு கணம் தயங்கி, பிறகு சாய்ந்து விழ வேண்டியிருந்தது. எறங்கு-ங்க. ஏறு-ங்க. இரண்டு சுற்று போவதற்குள் கை சட்டென்று லேசாகிவிட்டது. இலை வாட்டும் தளத்தில் தேடித் தேடிக் கிடைக்காத துள்ளல், கோயமுத்தூர் மரியாதைக்குள் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறது. மீசைக்காரர் இதைத்தான் தன் பாஷையில் செய்திருக்க வேண்டும். செல்வம் வேறு, என்னமோ நடக்கிறது என்று பதறி, திருகுகளையெல்லாம் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டார். மண்டபம் நிறைய ஆள் இருந்ததாலோ என்னவோ, இந்த முறை கூவவில்லை. முதல்முறையாகக் கிட்டார் மரமாகவே கேட்டது.

பழனிசாமி அண்ணன் நின்று கேட்டார். "ஏறுங்க" என்று வந்தபோது தலையசைத்துவிட்டு ஒரு படி ஏறினார். "எறங்குங்க" என்றதும் இறங்கினார். மூன்றாவது தடவை அவர் வயிறு குலுங்க ஆரம்பித்தது. மனைவியைப் பார்த்து, "மரியாதையாத்தான சொல்றாங்க, வாங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார், இறங்கினார், ஏறினார். நந்தினி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். போட்டோகிராபர் "ஒரு நிமிஷம் நில்லுங்க" என்று கெஞ்சிக்கொண்டேயிருந்தார். அன்றைய ஆல்பத்தில் யாருக்கும் இரண்டு காலும் ஒரே படியில் இல்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. இன்றுவரை இரண்டு குடும்பத்திலும் எந்த விசேஷத்திலாவது யாராவது மேடைப் படியில் கால் வைத்தால், கூட்டத்திலிருந்து ஒரு குரல் "எறங்குங்க" என்று கேட்கும். நானும் இப்போது மரியாதையாகத்தான் பயிற்சி செய்கிறேன். துள்ளல் பத்து நாளில் ஏழு நாள் வருகிறது.

அன்று பந்தியில் பழனிசாமி அண்ணன் தேடிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ரசத்துக்குக் குழி பறித்தபடி, "அருமைங்க. எனக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சுங்க" என்றார். எனக்குள் ஏதோ மலர்ந்தது. வலது கையின் விதிகளைப் பற்றி அவருக்குச் சொல்லலாம் என்று இலையில் விரலால் ஒரு தந்தியை வரைந்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி," என்றார் மிகுந்த மரியாதையோடு, "நீங்க கண்டக்டரா இருந்தது கவர்மென்ட் பஸ்லீங்களா, பிரைவேட்லீங்களா?"