நல்லூரில் நான் போட்ட சாம்பிள் நடைபாதை

வெளிநாட்டுக்குப் போய் ஒரே வாரத்தில் திரும்பி வருகிறவர்களை ஒரு மாதத்துக்கு யாரும் நெருங்கக்கூடாது என்பது என் கருத்து. வருடக்கணக்கில் அங்கேயே இருக்கிறவர்களால் ஆபத்தில்லை. அங்கேயும் குழாய் ஒழுகும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரு வாரத்தில் வருகிறவர்கள்தான் ஊரைத் திருத்தக் கிளம்புவார்கள். கொண்டுவந்த சாக்லேட் தீரும்போது பெரும்பாலானவர்களுக்கு இது தெளிந்துவிடும். எனக்குத் தெளியவில்லை. (சாக்லேட்டை முதல் நாளே கம்பெனியில் பிடுங்கிக்கொண்டார்கள்.)

அப்போது நான் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். அதாவது, வெளிநாட்டு பையர் கேட்கிற துணியை அவர் கேட்கிற நிறத்தில், கேட்கிற தேதிக்குள் அனுப்புவதாகச் சத்தியம் செய்துவிட்டு, பிறகு உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டு மெயில் எழுதுகிற வேலை. அந்த வேலையாக என்னை ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அந்த நாட்டில் நான் பார்த்தவை பையரின் அலுவலகம், என் ஓட்டல், இரண்டுக்கும் நடுவில் ஒரு நடைபாதை. அவ்வளவுதான். அந்த நடைபாதையில் ஒரு பெரியவர் நாயோடு நடந்து போனார். ஒரு அம்மா குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. (குளிராகவும் இருக்கலாம்.)

அந்தக் கண்ணோடு திருப்பூருக்கு வந்து, நல்லூரில் எங்கள் தெருமுனையில் இறங்கினேன்.

எங்கள் தெருவில் ஓரம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு வீடும் சாக்கடையைத் தாண்டித் தெருவுக்குள் ஒரு ராம்ப் இறக்கியிருக்கும், சிமெண்டில் நாக்கை நீட்டியதுபோல. கார் வைத்திருந்தவர்கள் கொஞ்சமாக நீட்டியிருந்தார்கள். கார் இல்லாதவர்கள், இனிமேல் வாங்கப்போகிற கார் எவ்வளவு பெரியதாக இருக்குமோ என்று தாராளமாக நீட்டியிருந்தார்கள். ராம்ப்புகளுக்கு இடையில் பைக்குகள், தையல் யூனிட்டுகளின் வேஸ்ட் துணி மூட்டைகள். மிச்சம் இருந்ததில் கம்பெனி வேன்கள். அதிலும் மிச்சம் இருந்தால் மனிதர்கள்.

எங்கள் கம்பெனியில் செக்கிங் பிரிவில் செல்வி என்று ஒரு பெண். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் தெருவிலேயே வாடகைக்கு இருந்தாள். நான் ஊர் திரும்பிய வாரம், ஷிப்டுக்குப் போகும்போது வேனுக்கு ஒதுங்கி, ஒரு ராம்ப் விளிம்பில் இடறிச் சாக்கடைக்குள் விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள். தெருவே வந்து பார்த்து வருத்தப்பட்டது. ராம்ப்புக்குச் சொந்தக்காரரும் வந்தார். செல்வியைப் பார்த்துவிட்டு, விளிம்பு பேர்ந்திருக்கிறதா என்றும் குனிந்து பார்த்தார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருச் சாக்கடையைப் புதிதாகக் கட்டப்போவதாகச் செய்தி வந்தது. கவுன்சிலர் சொன்னார்: "தெருக்காரங்க எல்லாம் ஒத்துக்கிட்டு ராம்ப்பை எடுத்துக் குடுத்தீங்கன்னா, சாக்கடை மேலயே சிலாப் போட்டு ரெண்டு பக்கமும் பிளாட்பாரம் கேட்டு வாங்கிரலாமுங்க."

ஜெர்மனி என் காலடிக்கே வருகிறது என்று நினைத்தேன்.

குடியிருப்போர் சங்கக் கூட்டம் தலைவர் பழனிச்சாமியின் வீட்டுப் போர்ட்டிகோவில் நடந்தது. நிட்டிங் மெஷின்களை மகனிடம் கொடுத்துவிட்டு ஓய்வில் இருந்தவர். ஓய்வு என்றால், தெருவில் எது நடந்தாலும் அதைத் தள்ளிப்போடுகிற முழுநேர வேலை. நடைபாதை பற்றிப் பேச வந்த அத்தனை பேரும் வண்டியில் வந்தார்கள். அங்கிருந்து மூன்றாவது வீட்டுக்காரர் ஸ்கூட்டரை உதைத்து ஸ்டார்ட் செய்து, மூச்சு வாங்கி நிறுத்தி, இறங்கினார். அவரைப் பார்த்து நான் மனதுக்குள் சிரித்தேன். என் வண்டியை நிறுத்த இடம் தேடிக்கொண்டே சிரித்தேன்.

நான் எழுந்து பேசினேன். ஜெர்மனியில் ஆரம்பித்து, நாயையும் குழந்தையையும் தாண்டி, செல்வியின் கையில் முடித்தேன். சாட்சிக்கு மாவுக்கட்டோடு செல்வியையும் அழைத்து வந்திருந்தேன்.

"நீ எந்த ஊடு கண்ணு?" என்று பழனிச்சாமி அவளைக் கேட்டார்.

"வாடகைக்கு இருக்கேன்யா."

"அப்படீங்களா. உக்காரு கண்ணு. காப்பி குடி."

அவளுடைய சாட்சியம் அதோடு முடிந்தது. சங்கத்தில் வீட்டுச் சொந்தக்காரர்களுக்குத்தான் ஓட்டு. தெருவில் நடக்கிறவர்கள் யாருக்கும் ஓட்டு இல்லை, ஓட்டு இருக்கிறவர்கள் யாரும் நடப்பதில்லை. ஆனால் கொங்கு மரியாதையில் ஒரு வசதி உண்டு. நம்மை வரவேற்றார்களா, துரத்தினார்களா என்பது வீட்டுக்கு வந்து யோசித்தால்தான் தெரியும். செல்வி சந்தோஷமாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஆட்சேபணைகள் வந்தன. பிளாட்பாரம் போட்டால் பஜ்ஜிக் கடை வந்துவிடும். நாய் படுக்கும். வடநாட்டுப் பையன்கள் உட்கார்ந்து போன் பேசுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, என் பக்கத்து வீட்டு சரசாமணி அக்கா எழுந்து, மிகுந்த கவலையோடு என்னிடம் ஒன்று கேட்டார்:

"ஏனுங்க மெர்சி, பிளாட்பாரம்னு ஒண்ணு போட்டுட்டா, அதுல ஆளுக நடப்பாங்களேங்க?"

"நடக்கத்தானே அக்கா போடுதோம்?"

"அதைத்தானுங்க சொல்றேன். நம்ம ஊட்டு ஜன்னலை ஒட்டி ஆரார் வேணும்னாலும் நடந்துட்டே இருப்பாங்களே!"

கூட்டம் முழுவதும் தலையாட்டியது. பழனிச்சாமி தீர்ப்புச் சொன்னார்: "கண்ணுல பாக்காத சமாச்சாரத்தை எப்படீங்க முடிவு பண்றது? அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் யோசிக்கலாமுங்க."

இங்கேதான் எனக்குள் இருந்த மெர்ச்சண்டைசர் விழித்துக்கொண்டாள். பையர் தயங்கினால் என்ன செய்வோம்? சாம்பிள் போட்டுக் காட்டுவோம். சாம்பிளைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டால் ஆர்டர் தானாக வரும். ஆக, என் வீட்டு முன்னால் ஒரு சாம்பிள் நடைபாதை போட்டுக் காட்டுவது என்று முடிவு செய்தேன்.

என் கணவர் ஜெபராஜ் பனியன் லேபிள் அச்சடிக்கிற சின்ன யூனிட் வைத்திருந்தார். தூத்துக்குடிக்காரர். அதிகம் பேச மாட்டார். பேசினால் கேள்வியாகத்தான் பேசுவார்.

"ராம்ப்பை ஒடைக்கப் போறியா?"

"ஆமா. எல்லாருக்கும் நாமதான முன்மாதிரியா இருக்கணும்?"

"கார் உள்ள நிக்கே?"

"ஒரு வாரத்துக்குக் கார் எதுக்கு? நடங்க. ஒடம்புக்கு நல்லது."

அவர் கார் சாவியை ஆணியில் மாட்டினார். பிறகு யூனிட்டுக்குப் போய்விட்டார். நடந்துதான்.

கொத்தனார் வந்தார். ராம்ப்பை உடைத்தார். சாக்கடை மேல் சிலாப் வைத்து, அதன்மேல் சிவப்பும் மஞ்சளுமாக பேவர் கற்களைப் பதித்தார். வண்டி ஏறாதபடி நல்ல உயரமாகப் போடச் சொன்னேன். ஜெர்மனியில் பார்த்ததுபோல ஒரு முனையில் மட்டும் சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் ஏற ஒரு மெல்லிய சரிவு விடச் சொன்னேன். எங்கள் தெருவில் குழந்தை வண்டி வைத்திருந்தவர் ஒருவரும் இல்லை என்பது அப்போது எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

முடிந்த அன்று மாலை ஷிப்ட் விட்டு வந்த பெண்கள் சிரித்துக்கொண்டே அதன்மேல் ஏறினார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு மறுமுனை வரை நடந்து இறங்கினார்கள். செல்வி இரண்டு முறை நடந்தாள். நான் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உலகத்தில் பெரிய காரியங்களைச் செய்தவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று அன்று கண்ணாடியில் பார்த்தேன்.

மறுநாள் காலையில் குழந்தை வண்டிக்கு விட்ட சரிவு வழியாக பைக்குகள் ஏறின. தெருவிலேயே சமமான, சுத்தமான, சாக்கடை நாற்றமில்லாத பார்க்கிங் அதுதான். அடுத்த நாள் ஒரு யூனிட்காரர் வேஸ்ட் மூட்டைகளை ஈரம் படாமல் அங்கே அடுக்கினார். மூன்றாம் நாள் நாய் வந்தது. வெள்ளிக்கிழமை, வேலம்பாளையத்திலிருந்து ஒருவர் தள்ளுவண்டியோடு வந்து, "ஆருங்க அக்கா, இந்தப் பிளாட்பாரத்துக்கு ஓனரு?" என்று கேட்டார். பொதுச் சொத்துக்கு ஓனர் கிடையாது, எல்லாருக்கும் உரிமை உண்டு என்று அவருக்கு விளக்கமாகச் சொன்னேன். நன்றாகப் புரிந்துகொண்டு அங்கேயே பஜ்ஜிக் கடை போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கம் சாம்பிளைப் பார்வையிட வந்தது. முதலில் எல்லாரும் பஜ்ஜி வாங்கினார்கள்.

"பஜ்ஜி அருமையா இருக்குதுங்க" என்றார் பழனிச்சாமி. "ஆனா அம்மிணி, இதுல நடக்கறதுன்னா எப்படீன்னு சித்தெ நடந்து காட்டுனீங்கன்னா நல்லாருக்குமுங்க."

அப்போதாவது வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியிருக்க வேண்டும். நான் நடந்து காட்டினேன். அதற்காகவே நல்ல புடவை கட்டி, ஜெர்மனிப் பயணத்துக்காக வாங்கிய குதிகால் செருப்பு போட்டிருந்தேன். பைக்குகளுக்கு நடுவில் பக்கவாட்டில் நுழைந்தேன். மூட்டைகளைச் சுற்றினேன். பஜ்ஜிக்காரர் எண்ணெய்ச் சட்டியை நகர்த்தி வழிவிட்டார். நாய் நகரவில்லை. அதைத் தாண்டினேன். மறுமுனைக்கு வந்து நின்றேன். என் நடைபாதை அங்கே முடிந்தது. கீழே பள்ளத்தில் சரசாமணி அக்கா வீட்டு ராம்ப்.

தெரு முழுவதும் கையில் பஜ்ஜியோடு பார்த்துக்கொண்டிருந்தது.

"இனி எங்கீங்க போறது?" என்று பழனிச்சாமி உண்மையான அக்கறையோடு கேட்டார்.

திரும்பி நடந்திருந்தால் மீண்டும் நாயைத் தாண்ட வேண்டும். கௌரவத்தை நினைத்துக் குதித்தேன். செருப்பின் குதிகால் தனியாகவும் நான் தனியாகவும் இறங்கினோம். சரசாமணி அக்கா அப்போதுதான் கழுவி விட்டிருந்த ராம்ப்பில் உட்கார்ந்த நிலையில் வழுக்கிக்கொண்டே போய், சங்கத் தலைவரின் காலடியில் நின்றேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. "பாத்துங்க, பாத்துங்க" என்றார்கள். சிரித்திருந்தால் எவ்வளவோ மேலாக இருந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்குள்ளிருந்து கார் ஹாரன் கேட்டது.

அன்று ஊத்துக்குளியில் என் கொழுந்தன் சாமுவேலுக்கு நிச்சயதார்த்தம். மறக்கவில்லை. கார் போக வேண்டும் என்பதைத்தான் மறந்திருந்தேன். கேட்டைத் திறந்தால், ஸ்டியரிங் பிடித்தபடி ஜெபராஜ், பின் சீட்டில் புது கோட்டு சூட்டோடு மாப்பிள்ளை. எதிரே சிவப்பும் மஞ்சளுமாக என் சாம்பிள்.

"எப்பிடி எறக்கதுக்கு?" என்றார் ஜெபராஜ். ஊர் நடுவில் அவர் என்னிடம் கேட்டது அந்த ஒரு கேள்விதான்.

பழனிச்சாமி பஜ்ஜிக் காகிதத்தில் கையைத் துடைத்துக்கொண்டார். "தூக்கிரலாமுங்க" என்றார்.

சங்கம் முழுவதும் வேட்டியை மடித்துக்கட்டியது. பேன்ட்காரர்கள் சட்டைக் கையை மடித்தார்கள். யாருக்காகப் பிளாட்பாரமே வேண்டாம் என்று பயந்தார்களோ, அந்த வடநாட்டுப் பையன்களை நிட்டிங் யூனிட்டிலிருந்து கூப்பிட்டார்கள். சாமுவேல் இறங்கப் போனான்.

"மாப்பிள்ளை எறங்காதீங்க! சட்டை அழுக்காயிரும்" என்று தடுத்துவிட்டார்கள்.

பைக்குகளை நகர்த்தி, மூட்டைகளை உருட்டி, "ஏக், தோ, தீன்" என்று ஒரு பையன் குரல் கொடுக்க, சாமி சப்பரத்தில் போவதுபோல என் கொழுந்தன் காருக்குள் உட்கார்ந்தபடி என் நடைபாதையைக் கடந்து தெருவில் இறங்கினான். தெரு கைதட்டியது. ஜெபராஜ் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார். என்னை ஏறச் சொல்லவில்லை. நான் ஏறுகிற கோலத்திலும் இல்லை.

எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு காரியம் செய்த மகிழ்ச்சி தெருவில் பொங்கி வழிந்தது. அந்தச் சூட்டிலேயே பழனிச்சாமி தீர்மானத்தையும் முடித்தார். "பிளாட்பாரம் வேண்டாம்னு நெனைக்கறவங்க கையைத் தூக்குங்க." காரைத் தூக்கிய சங்கத்துக் கைகள் அத்தனையும் கருப்பாக மேலே போயின. சரசாமணி அக்காவும் தூக்கினார். தூக்கிவிட்டு வீட்டுக்குள் போய், சுளுக்கிய என் காலுக்கு வெந்நீர் கொண்டுவந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மெர்சி. உங்க பிளாட்பாரம் நல்லாத்தானுங்க இருக்குது. எங்க ஊட்டு முன்னால வேண்டாம்னுதான் சொல்றோம்."

ஊத்துக்குளியில் மாப்பிள்ளையின் அண்ணி எங்கே என்று பெண் வீட்டார் கேட்டபோது, "பிளாட்பாரத்துல விழுந்துட்டா" என்று ஜெபராஜ் சொல்லியிருக்கிறார். இவ்வளவு குடிக்கிற குடும்பத்திலா பெண் கொடுப்பது என்று அவர்கள் தனியே கூடிப் பேசினார்களாம். கல்யாணம் எப்படியோ நடந்தது. என் ஓரகத்தி இன்றைக்கும் எனக்கு ஜூஸ் கொடுக்கும்போதுகூட ஒரு மாதிரிதான் பார்க்கிறாள்.

கேட்டுக்கு நேராக இருந்த பகுதியை இடித்து மறுபடி ராம்ப் போட்டோம். மிஞ்சியது ஒரு கட்டில் நீளம். அதில்தான் பஜ்ஜிக் கடை நடக்கிறது. அடுத்த தேர்தலுக்குக் கவுன்சிலர் அடித்த நோட்டீஸில் அந்தக் கட்டில் நீளத்தை மட்டும் அளவாகப் படம் பிடித்து, நல்லூரில் நவீன நடைபாதை என்று போட்டிருந்தார். கொரியர்காரர்கள் இப்போது வீட்டு எண் கேட்பதில்லை. "பிளாட்பாரத்துக்கார அக்கா ஊடுங்களா?" என்றுதான் போன் செய்கிறார்கள். செல்வி கை சரியாகி, வேறு தெருவுக்கு வீடு மாறிப் போய்விட்டாள். அந்தத் தெருவிலும் நடுரோட்டில்தான் நடக்கிறாள்.

வீட்டில்தான் எனக்கு இன்னும் விடுதலை இல்லை. சமையலறையைக் கொஞ்சம் மாற்றலாம், மாடியில் செடி வைக்கலாம் என்று நான் எதை ஆரம்பித்தாலும் போதும். என் மகள் உள்ளறையிலிருந்து சத்தம் போடுகிறாள்: "அப்பா, மொதல்ல காரை வெளிய எடுத்துருங்க!"

ஜெபராஜ் பேப்பரை மடித்து வைக்கிறார். சாவியை எடுத்துக்கொண்டு நிஜமாகவே எழுந்து போகிறார்.