மாப்பிள்ளை வீட்டாருக்கு விரித்த பூப்பாய்

வீட்டை அழகுபடுத்துகிறேன் என்று ஒருத்தி கிளம்பினால் அவளை உடனே பிடித்துக் கட்டிப்போட்டுவிட வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் அதைச் செய்யவில்லை. நான் நாசமாய்ப் போனது அப்படித்தான்.

வண்டன்மேட்டில் எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம், அதற்கு நடுவில் வீடு. ஏலத்துக்கு நிழல் வேண்டுமென்று விட்டுவைத்த மரங்கள் வாசலையும் சேர்த்து மூடிக்கொண்டிருக்கும். ரோஜா வைத்தேன், செத்தது. செம்பருத்தி வைத்தேன், வெறும் இலையாய் நின்றது. மழைக்காலம் வந்தால் அப்பா ஒரு புல் விடாமல் வாசலைச் செதுக்கி, சுற்றிலும் கல்லுப்பைத் தூவிவிடுவார். ரத்தம் குடிக்கிற அட்டை காலில் ஏறாமல் இருக்க இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். (பார்க்கச் சகிக்காது. ஆனால் கால் தப்பிக்கும்.)

அப்போதுதான் போடியிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை மாட்டு டாக்டர். பெண் பார்க்க வருவதற்கு முன்பே போனில் பேச ஆரம்பித்திருந்தோம். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது, இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? ஒருநாள் பேச்சுவாக்கில், "எங்கம்மாவுக்குப் பூச்செடின்னா உசுரு" என்றார். போதாதா?

கட்டப்பனை நர்சரியில் போய், நிழலிலேயே தரையோடு படர்ந்து, வருஷம் முழுக்கப் பச்சையாக இருந்து பூக்கிற செடி வேண்டும் என்று கேட்டேன். செம்பு நிற இலையும் குட்டிக்குட்டிச் சிவப்புப் பூவுமாக ஒன்றைக் கொடுத்தார்கள். நட்டேன். மழை பிடித்ததும் வாசல் பூராவும் பாய் விரித்தாற்போல் படர்ந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஏ பாப்பா, உப்புப் போடணும். அட்டை ஏறும்" என்றார் அப்பா.

"உப்புப் பட்டா செடி கருகிரும்ப்பா. பூச்செடியில போயி அட்டை வருமா?"

"அதுக்குப் பூவும் களையும் தெரியுமாக்கும்?"

அப்பாவின் உப்பு மூட்டையைத் தூக்கி என் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்தேன். அடுப்படி உப்பு ஜாடியையும் விடவில்லை.

அவரும் அவர் அப்பா அம்மாவும் பெண் பார்க்க வந்த அன்று விடாமல் தூறல். ஜீப்பை விட்டு இறங்கியதுமே அவர் அம்மா, "ஆத்தி, என்னா அழகு!" என்று வாயைப் பிளந்தார். அத்தோடு உள்ளே அழைத்துப் போயிருக்கலாம். போட்டோ எடுக்கலாம் வாங்க என்று மூன்று பேரையும் செடிக்கு நட்டநடுவில் நிறுத்தினேன். "செருப்பைக் கழட்டிருங்க, பூ நசுங்கிரும்" என்று சொன்னதும் நானேதான். இந்த வாயை என்ன செய்வது?

உள்ளே கேசரி, பஜ்ஜி, காப்பி. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தேன். குனிந்த இடத்தில் அவர் கால் விரலிலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவர் அப்பாவின் வெள்ளை வேட்டியில் முழங்கால் பக்கம் சிவப்பாக ஏதோ பரவியது. ஐயோ, அட்டைக்கு அன்று கல்யாண விருந்து.

அவர் அம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்துவிட்டுப் போட்ட அலறலில் காப்பி டம்ளர் உருண்டது. மாட்டுக்குப் பிரசவம் பார்க்கிற மனுஷன் நாற்காலி மேல் ஏறி நின்று காலை உதறினார்.

"உப்பு எங்கடி?" என்று அம்மா கத்தினாள். என் கட்டிலுக்கடியில் என்று எந்த வாயால் சொல்வேன்? வேறு வழியில்லாமல் அம்மா நார்த்தங்காய் ஊறுகாயை அள்ளிக்கொண்டு வந்து அந்தம்மா காலில் அப்பினாள். கடித்த இடத்தில் மிளகாய் பட்டால் எப்படி இருக்கும்! எங்கப்பாவோ மாப்பிள்ளையின் அப்பா தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "அசையாதீங்க அண்ணாச்சி, வயிறு நெறஞ்சா அதுவே விழுந்துரும்" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தகவல் சொல்றோம்" என்று போனார்கள். நான் போனைக் கையிலிருந்து கீழே வைக்கவே இல்லை. அவரிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில் அவர் அம்மாதான் என் அம்மாவைக் கூப்பிட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க மதினி, பொண்ணு விஷயம் சரிப்பட்டு வராது. ஆனா அந்தச் செடியில நாலு தண்டு குடுத்துவிட முடியுமா?"

நானே பிடுங்கினேன். ஒவ்வொரு இலையாகத் திருப்பித் திருப்பி அட்டை இருக்கிறதா என்று பார்த்து, ஈரச்சாக்கில் சுற்றி, போடி ஜீப்பில் ஏற்றிவிட்டேன். ஜீப் வளைவு திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்று, ஓவென்று அழுதேன். மிச்சச் செடியை அப்பா செதுக்கிப் போட்டு உப்பைத் தூவிவிட்டார்.

எனக்கு இன்னும் வரன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வருகிற தரகரெல்லாம் எத்தனை பெண்கள் என்று கேட்பார்கள். அப்பா முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்லுவார்:

"ரெண்டு. இளையவளைப் போடியில கட்டிக்குடுத்தாச்சு. குறையொண்ணும் இல்ல, வருஷம் பூராப் பூத்துக்கிட்டு நல்லா இருக்கா. மூத்தவதான் வீட்டுல நிக்கிறா."