ஃபைபர் கேபிளுக்குத் திருநீறு

புதுசாக எது வாங்கினாலும் திருநீறு பூசாமல் எங்களுக்குக் கை ஓடாது. தையல் மெஷின், த்ரீவீல், ஃபிரிட்ஜ் எல்லாமே பட்டை போட்டுக்கொண்டுதான் வேலைக்குச் சேரும். ஆகவே நான் ஒரு சர்வருக்குத் திருநீறு பூசினேன் என்றால் யாரும் ஆச்சரியப்படப் போவதில்லை. எந்த இடத்தில் பூசினேன் என்பதில்தான் என் மானம் போனது.

லுணுகலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரி. பதுளையில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்த கையோடு அங்கே நெட்வொர்க் பார்க்கும் வேலை கிடைத்தது. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார் தோட்ட மேனேஜரான துரை. அம்மா அதே தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். அன்றைக்கே எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் செய்தி சொல்லி முடித்துவிட்டார். (நிரந்தரமில்லை என்பதை மட்டும் சௌகரியமாக மறந்துவிட்டார்.)

ஆபீசில் புது சர்வர் வைத்தார்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு காட்டும் எடை, ஒரு ஃபைபர் கேபிள் வழியாக அதற்கு வந்து சேரும். ஃபைபர் என்றால் கண்ணாடி நூல். அதற்குள் ஓடுவது வெளிச்சம். கேபிளை என்னையே செருகச் சொன்னார்கள். பக்கத்தில் ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிளாக்கர் ஐயா நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், நெற்றியில் மூன்று குறி போடாமல் பேனாவைத் தொட மாட்டார். அவர் பார்க்கிறார் என்ற உற்சாகத்தில், அம்மா காகிதத்தில் மடித்துத் தந்த திருநீற்றில் ஒரு சிட்டிகை எடுத்து, வெளிச்சம் வரும் நுனியிலேயே வைத்துச் செருகினேன். (பெட்டிக்கு மேலே பூசியிருக்கலாம். மெத்தப் படித்தவளுக்கு அது தோன்றவில்லை.) "நல்லது பிள்ளை" என்றார் ஐயா.

அடுத்த நாளே ஆரம்பித்தது. தராசு நிறுக்கும், எடை பாதி நேரம் சர்வருக்கு வராது. வழியில் பழுதாகிப்போன தகவல்களை சர்வர் எண்ணிக் காட்டும். அந்த எண் ஏறிக்கொண்டே போனது. அது ஏறினால் முதலில் கேபிளைப் பார் என்று கோர்ஸின் முதல் வாரத்திலேயே சொல்லித் தந்திருந்தார்கள். நான் கடைசி வாரப் பாடத்திலிருந்து தொடங்கினேன். சர்வரில் எல்லாவற்றையும் அழித்து மறுபடி ஏற்றினேன். தராசுக்காரர்களைக் குறை சொல்லிக் கொழும்புக்கு இமெயில் போட்டேன். ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் தேடுவதில் எனக்கு இணை கிடையாது.

எடை பதிவாகும் வரை மடுவத்தில் பெண்கள் கொழுந்து மூட்டையோடு மழையில் வரிசையாக நின்றார்கள்.

"ஏன்டி, ஒன் மிசினு எப்ப கண்ணு முழிக்கும்? காலு கடுக்குது" என்றார் அம்மா. மற்றவர்கள் என்னைத் திட்டவில்லை. அம்மாவைத்தான் பார்த்தார்கள். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று துரையும் சொல்லிவிட்டார்.

என் இமெயிலைப் பார்த்த கொழும்பு இன்ஜினியர் போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கேபிள் நுனியத் தொடச்சீங்களா?"

உருவிப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. யாரும் பார்க்காமல் துடைத்துச் செருகினேன். எண் ஏறுவது நின்றது. "செட்டிங் கொஞ்சம் சிக்கலா இருந்துச்சு சேர்" என்று துரையிடம் அளந்தேன்.

மறுநாள் காலை மறுபடி ஏறியது. துடைத்தேன், நின்றது. அதற்கடுத்த நாளும் அதே கூத்து. நான் திருநீறு வைத்தது ஒரே ஒரு தரம்; அது தினமும் எப்படி முளைக்கிறது என்று உண்மையிலேயே பயந்துபோனேன். அப்புறம்தான் சர்வர் தானாகவே எழுதி வைக்கும் பதிவை ஒழுங்காகப் படித்தேன். தினமும் காலை ஆறே முக்காலுக்கு இணைப்பு அறுகிறது, ஒரு நிமிடத்தில் திரும்பி வருகிறது.

வெள்ளிக்கிழமை ஆறரைக்கே போய் ஆபீஸ் அலமாரிக்குப் பின்னால் நின்றேன். பெரிய கிளாக்கர் ஐயா வந்தார். செருப்பைக் கழற்றினார். கேபிளை மெல்ல உருவி, நுனியில் திருநீறு வைத்து, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்து, பக்குவமாகத் திரும்பச் செருகினார்.

"ஐயா, என்ன செய்றீங்க?"

அவர் பதறவில்லை. "முதல் நாள் நீர் செய்ததைப் பாத்தனான் பிள்ளை. பிறகு நீர் வைக்கேல்லை, பிழை வரத் தொடங்கிட்டுது. உம்மட வேலை நிரந்தரமாக வேணுமெண்டு நான்தான் ஒவ்வொரு நாளும் வைச்சுக்கொண்டு வாறன்."

சிரிப்பு வரவில்லை. என்னை வேலையிலிருந்து துரத்திக்கொண்டிருந்தது எனக்காக ஒருவர் செய்த பிரார்த்தனை.

"ஐயா, அந்தத் திருநீறுதான் பிழை. அதைத் தொடக்கி வச்சது நான்" என்றேன். வெளிச்சத்தை அது மறைக்கிற விஷயத்தையும் சொன்னேன். அவர் கேபிளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். விரலில் மிச்சமிருந்ததை என் நெற்றியில் பூசிவிட்டு, "இதுக்குள்ள வெளிச்சம் ஒண்டும் ஓடாதுதானே?" என்று கேட்டார். உண்மையாகத்தான் கேட்டார்.

துரையிடம் இருவருமாகப் போய் ஒப்புக்கொண்டோம். அவர் ஜன்னல் வழியாக மடுவத்தைப் பார்த்தார். அன்று ஒரு மூட்டைகூட வரிசையில் நிற்கவில்லை. மூன்று மாதம் முடிந்ததும் நிரந்தரக் கடிதம் வந்தது.

இப்போது ஹல்துமுல்லைப் பக்கம் வரை நாலைந்து ஃபேக்டரிகளை நான்தான் பார்க்கிறேன். சர்வரில் பிழை என்று போன் வந்து நான் பையைத் தூக்கினால், சாப்பிட்டாயா என்று அம்மா கேட்பதில்லை. வீடே சிரிக்க, அவர் கேட்பது ஒன்றுதான்:

"அங்க ஒனக்காக யாருடி வேண்டிக்கிட்டது?"